எஸ்தர் வெளியே உட்கார்ந்த அரையிறுதி

அன்றைக்கு எங்கள் பக்கம் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கபடி ஆட வந்த பிள்ளைகள் பன்னிரண்டு பேர். அவர்களைக் கூட்டிவந்த உடற்கல்வி இயக்குநர், எங்கள் வாயில் 'பி.டி. மேடம்'. வேன் ஓட்டிய செல்வம் அண்ணா. பிறகு நான். மொத்தம் பதினைந்து தலை. தாம்பரத்தில் வேன் ஏறும்போது எண்ணினேன். வண்டலூர் தாண்டியதும் இன்னொரு தடவை எண்ணினேன். ஓடுகிற வண்டியிலிருந்து யார் இறங்கிப் போய்விடப் போகிறார்கள் என்று செல்வம் அண்ணா சிரித்தார். கூடுவாஞ்சேரிப் பக்கம் போட்டி நடந்த கல்லூரி வாசலில் இறங்கியதும் மறுபடி எண்ணினேன்.

நான் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் பயம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், ஒரு பெண்கள் கல்லூரியின் விளையாட்டுத் துறையில் உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். பந்துக்குக் காற்றடிப்பது, ஐஸ் வாங்கி வைப்பது, பிள்ளைகள் வெளியூர் ஆடப் போனால் துணைக்குப் போவது, இதுதான் நம் வேலை. இப்போது புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு அதெல்லாம் பத்து நாளில் பழகிவிடும். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. பழகவே பழகாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் அந்த அரையிறுதியைச் சொல்கிறேன்.

எஸ்தர் எங்கள் ரெய்டர். எதிராளி கட்டத்துக்குள் பாடிக்கொண்டே போய்த் தொட்டுவிட்டு வருகிறவள். ஒல்லியாக இருப்பாள், பிடித்தால் நழுவுவாள். பல்லாவரத்தில் வீடு. அவள் அம்மா வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பாத்திரம், மிக்ஸி ஜார், குக்கர் மூடி எல்லாம் விரித்து வைத்து விற்கிறவர். வெள்ளிக்கிழமைகளில் எஸ்தர் வகுப்புக்கு வர மாட்டாள். அம்மாவோடு சந்தையில் நிற்பாள். இது எல்லோருக்கும் தெரியும், அவளும் மறைத்ததில்லை.

"வெள்ளிக்கெழம நா வரலன்னா காலேஜு மூடிக்காதுக்கா. எங்கம்மா வரலன்னா எங்க அடுப்பு மூடிக்கும்" என்பாள்.

வாரத்தில் ஒரு நாள் போனால் கூட வருகைக் கணக்கு தாங்கும். நூற்றுக்கு எழுபத்தைந்து இருந்தால் போதும் என்பது விதி. அதற்குக் கீழே போனால் பரீட்சை எழுத முடியாது. கல்லூரிக்காக ஆடப் போகிற நாட்களுக்கு ஓ.டி. உண்டு. இவள் எங்களுக்காகத்தான் போனாள், வகுப்பில் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள் என்று விளையாட்டுத் துறை கொடுக்கிற கடிதம். ஆக, எஸ்தரின் படிப்பு அந்தக் கடிதத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

அந்த வருடம் அவளுக்கு மூன்றாம் ஆண்டு. அரையிறுதியிலும் இறுதியிலும் ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணிக்கு எடுப்பார்கள். அந்த அணியில் ஒரு தடவை ஆடிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ரயில்வேயோ, போலீஸோ. அதற்கு முந்தின இரண்டு வருடமும் நாங்கள் அரையிறுதி வரைக்கும் போனதே இல்லை. அவளுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

ஆட்டம் நடக்கும்போது எல்லோருடைய போனும் என் பையில் இருக்கும். மேடத்தின் போனும்தான். ஓரத்தில் நின்று கத்திக் கத்தி இரண்டு போனைக் கீழே போட்டு உடைத்தவர் அவர். முதல் பாதி முடியப் போகிற நேரம், எங்களுக்கு நாலு புள்ளி அதிகம், பைக்குள் மேடத்தின் போன் அடித்தது. வணிகவியல் துறைத் தலைவி. எஸ்தரின் துறை அது. கூட்டத்தின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தேன்.

"மேடம் இல்லையாம்மா? சரி, நீங்களே சொல்லிடுங்க. அட்டெண்டன்ஸ் குறைஞ்சவங்க லிஸ்ட் இன்னைக்குப் போட்டிருக்கோம். அதுல எஸ்தர் பேர் வந்திருக்கு. நாளைக்கு வந்து என்னைப் பார்க்கச் சொல்லுங்க."

"சரிங்க மேடம்" என்றேன். வைத்துவிட்டார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலும் கிடையாது, ஒரு வார்த்தை குறைவும் கிடையாது. ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏன் என்றும் சொல்ல வேண்டும். அதற்குச் சில வருடம் முன்னால் வேறொரு கல்லூரியின் வாலிபால் அணி கோப்பை வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது, ஒரு பெண்ணுக்கு ஆடத் தகுதியில்லை என்று தோற்றவர்கள் ஆட்சேபம் கொடுத்துவிட்டார்கள். விசாரித்தால் உண்மை. நடுவில் படிப்பு மாறிய பெண்ணாம். எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்று கழுத்திலிருந்த மெடலைக் கழற்றி மேஜைமேல் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியாக நின்ற சின்னப் பெண்ணுக்கு நாடா பின்னலில் சிக்கிக்கொண்டது. யாரோ கத்தரிக்கோல் தேடினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு போட்டியிலும் எனக்கு அந்த நாடாதான் ஞாபகம்.

இடைவேளை விசில் ஊதியதும் ஓடினேன்.

"மேடம், எஸ்தரை ஆட விடக் கூடாதாம்."

"யார் சொன்னது?"

"உங்களுக்குத்தான் போன் வந்தது. அவங்க எச்.ஓ.டி. மேடம். அட்டெண்டன்ஸ் லிஸ்ட்ல பேர் வந்துடுச்சாம்."

மேடம் என்னைப் பார்த்தார். போன் என் கையிலேயே இருந்தது. அவர் வாங்கித் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். அவருக்கும் அந்த வாலிபால் அணி ஞாபகம் வந்திருக்க வேண்டும். எதிர் அணியின் மேனேஜர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அந்த ஆள் தன் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுச் சுளை கொடுத்துக்கொண்டிருந்தார், எங்களைக் கவனிக்கவே இல்லை. மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பினார்.

"எஸ்தர், நீ உக்காரு. கவிதா, ரெய்டு நீ போ."

கவிதா கேப்டன். பிடிக்கிறவள், பாடிப் போகிறவள் இல்லை. "நானா மேடம்?" என்றாள்.

எஸ்தர் தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தாள். "இன்னா மேடம், நல்லாத்தான ஆடிக்கினு கீறேன்? கால்லாம் ஒண்ணியும் இல்ல."

"உக்காருன்னா உக்காரு."

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்போது கோபம் இல்லை. பயம்தான். என் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, எங்க வூட்ல எதுனா போன் வந்துச்சா? எங்கம்மாவுக்கு எதுனாவா?"

"ஐயையோ, இல்லம்மா. உங்க துறையில லிஸ்ட் போட்டாங்களாம். வருகை குறைஞ்சவங்க லிஸ்ட். அதுல உன் பேர்."

மூச்சு விட்டாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "அது பரிச்சைக்குத்தானக்கா? ஆட்டத்துக்கு இன்னா அதுக்கு?"

"தெரியலம்மா" என்றேன்.

அந்தக் கேள்வியை நான் போனில் கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நிமிடமாவது எழுந்து போய் மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். அவளே கேட்கிறாள், ஒரு தடவை திருப்பிக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று. நான் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கியபோதுதான் தேர்வாளர்கள் வந்தார்கள். மூன்று பேர், கையில் டீயோடு. போட்டுவைத்திருந்த நாற்காலிகளைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். முதல் பாதியில் எஸ்தர் ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்ததை அவர்கள் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது கவிதா திணறியதையும், எங்கள் கட்டம் ஒவ்வொருவராகக் காலியானதையும்தான். எஸ்தர் முதலில் கத்தினாள். "ஏய் கவிதா, போனஸப் பாரு! கோட்டத் தாண்டி காலு வெய்யி!" போகப் போக அவள் சத்தம் குறைந்தது. கடைசியில் தேர்வாளர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றுவிட்டோம். ரொம்பக் கொஞ்சத்தில்.

திரும்பி வரும்போது பெருங்களத்தூரில் நெரிசல். செல்வம் அண்ணாதான் பொறுக்காமல், "ஏன்மா, எஸ்தருக்கு என்ன அடிபட்டுச்சு?" என்று கேட்டார்.

"அடிலாம் இல்லண்ணா. லிஸ்ட்டு பட்டுச்சு" என்றாள் எஸ்தர். ஒன்றிரண்டு பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் மேடமும் நானும் எஸ்தரோடு துறைத் தலைவியைப் பார்க்கப் போனோம். நடந்ததைக் கேட்டு அவர் நிஜமாகவே திகைத்துப் போனார்.

"ஆட வேண்டாம்னு நான் சொல்லவே இல்லையே! இது பரீட்சைக்கான லிஸ்ட். அதுவும் ஃபைனல் லிஸ்ட் இல்லை. கண்டோனேஷன் ஃபீஸ் கட்டினா பேரை எடுத்துடுவோம். அதுக்குத்தான் வரச் சொன்னேன்."

குறைந்த வருகையை மன்னித்துவிடுவதற்குக் கட்டுகிற பணம் அது. எழுநூற்றைம்பது ரூபாய்.

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேடமும் பார்த்தார். வெளியே வந்ததும் மேடம் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "நானும் திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெயர் ஏன் பட்டியலில் வந்தது என்று பார்த்தபோது இன்னும் ஒன்று தெரிந்தது. இது நம் அறைகளில் இருக்கிற ஒரு பழக்கம், உங்கள் கல்லூரியிலும் இருக்கும், போய்ப் பாருங்கள். ஓ.டி. கடிதத்தை நாங்கள் போட்டி முழுவதும் முடிந்த பிறகுதான் அனுப்புவோம். தோற்றால் வெளியேற வேண்டிய போட்டியில் பிள்ளைகள் எத்தனை நாள் ஆடுவார்கள் என்று முன்கூட்டித் தெரியாதே. தோற்ற பிறகு மொத்த நாளையும் எழுதி, ஒரே தடவையில் முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிடுவோம். அவர் அறை வாசலில் திரும்பத் திரும்ப நிற்க வேண்டாம் பாருங்கள். அந்த வருடம் வாலிபால் பிள்ளைகள் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். அவர்களுடைய கடிதம் அந்த வாரமே போய்ச் சேர்ந்தது. கபடிப் பிள்ளைகள் ஜெயித்துக்கொண்டே போனார்கள். அதனால் அவர்களுடைய கடிதம் எழுதப்படவே இல்லை. பட்டியல் போட்ட அன்றைக்கு, எஸ்தர் கல்லூரிக்காக ஆடிய நாட்கள் எல்லாம் அவள் வராத நாட்களாக நின்றன. மற்ற பிள்ளைகளுக்குக் கையிருப்பு இருந்தது, தப்பித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை வராதவளுக்கு இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், முன்னாலேயே தோற்றிருந்தால் அவள் பெயர் அதில் வந்திருக்காது.

மேடம் அன்றே கடிதம் எழுதிக் கொடுத்தார். கணக்கு மூடியாகிவிட்டது, தாமதமாக வந்த ஓ.டி.யைச் சேர்க்க முடியாது, எழுநூற்றைம்பது கட்டிவிட்டால் பிரச்சினையே இல்லை, எதற்கு இவ்வளவு அலைச்சல் என்றது அலுவலகம். எல்லோரும் அதையேதான் சொன்னோம். கட்டிவிடு எஸ்தர். சின்னத் தொகை.

விளையாட்டு அறையில் நின்றுகொண்டு அவள் மேடத்திடம் சொன்னாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"மேடம், வெள்ளிக்கெழம வராததுக்குக் கட்டச் சொன்னா கட்டுவேன். அது எந்தப்பு. இது காலேஜு பனியனப் போட்டுக்கினு போயி ஆடுன நாளு. அதுக்குக் காலேஜுக்கே நா தண்டம் கட்டணுமா?"

"அப்படியில்லம்மா, இது ஒரு ஃபார்மாலிட்டி."

"கட்டுனா நா வராம இருந்தேன்னுதான ஆவுது? நா வந்தேன் மேடம். ஆடிக்கினு இருந்தேன். நீங்க பாத்தீங்க, இந்தக்காவும் பாத்தாங்க."

"பிடிவாதம் பண்ணாத. பரீட்சை போயிடும்."

"ஆட்டமே போயிடுச்சு மேடம்."

கவிதாகூட அவளைத் தனியாக இழுத்துப் போய், "ஏய் லூசு, சந்தையில ஒரு நாள் ஏவாரம்டி அது. கட்டித் தொலை" என்றாள். "ஒரு நா ஏவாரத்தப் போட நீ வந்து வெய்யில்ல நில்லு பாப்போம்" என்றாள் எஸ்தர்.

அந்தப் பணம் என் பர்ஸில் இருந்தது. அது சம்பளம் வந்த வாரம். அவளுக்குத் தெரியாமல் பணம் கட்டும் ஜன்னலில் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். கடைசித் தேதி வரைக்கும் தினமும் நினைத்தேன். அலுவலக வராந்தா வரைக்கும் போவேன். ஊழியர் எதற்கு மாணவிக்குப் பணம் கட்டுகிறார் என்று கேட்டால் என்ன சொல்வது? தப்பு விளையாட்டுத் துறையுடையது என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகுமோ? மேடத்துக்குக் கெட்ட பெயர் வந்தால்? எஸ்தருக்குத் தெரிந்து, "யாரக் கேட்டு கட்டுன?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டால்? திரும்பி வந்துவிடுவேன். கடைசி நாளன்று ஜன்னலை மூடுகிற சத்தத்தை வராந்தாவில் நின்று கேட்டேன்.

அரையிறுதியில் எந்தப் பயம் என்னை ஓட வைத்ததோ, அதே பயம்தான் இங்கே கால் எடுக்க விடாமல் நிறுத்தியது. ஓட வேண்டிய இடத்தில் நின்றேன், நிற்க வேண்டிய இடத்தில் ஓடினேன். எஸ்தருக்கு ஹால் டிக்கெட் வரவில்லை. அந்தப் பருவத்தை மறுபடி படிக்கலாம் என்றார்கள். அவள் வரவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வருவது பெரிய விஷயமில்லை. பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். எனக்கே முடியாததை உங்களுக்கு எப்படிச் சொல்வது? பயந்துகொண்டே செய்யக்கூடியவை இரண்டு இருக்கின்றன. ஒரு தகவல் வந்தால், சொன்னவரைப் போனை வைக்க விடாமல் கேளுங்கள்: "இது எதற்கு, பரீட்சைக்கா ஆட்டத்துக்கா? இது முடிவா, இன்னும் மாறுமா?" உங்களை முட்டாள் என்று நினைத்தால் நினைக்கட்டும். பிறகு, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே கொண்டுபோய்ச் சேருங்கள். உங்கள் பயத்தை அதில் கலக்காதீர்கள். இன்னொன்று ஓ.டி. கடிதம். ஆடின அன்றைக்கே எழுதி வாங்குங்கள். அடுத்த நாள் ஆடினால் அடுத்த நாள் இன்னொன்று. முதல்வர் அறை வாசலில் நிற்பது கால் வலி மட்டும்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பிரஷர் குக்கருக்கு மூடி வாங்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வீடு இருக்கிற ராஜகீழ்ப்பாக்கத்திலேயே அந்த மூடி கிடைக்கும். வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எஸ்தர் நின்றிருந்தாள். அவள் அம்மா ஒரு ஆளோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"வாக்கா. இன்னா, இங்கியும் தல எண்ண வந்துட்டியா?"

சிரித்தேன். கண் கலங்கியதை வெயில் மேல் போட்டேன். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு மாலையில் கபடி சொல்லிக் கொடுக்கிறாளாம். பயிற்சியாளர் படிப்பில் சேரலாம் என்று போயிருக்கிறாள். பழைய கல்லூரியின் டி.சி. கேட்டிருக்கிறார்கள். கல்லூரிக்குப் போனால், பாக்கி இருக்கிறது, அதைக் கட்டினால்தான் டி.சி. என்றார்களாம்.

நான் பர்ஸைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து மூடினாள். முரட்டுத்தனமாக இல்லை.

"வேணாங்க்கா. துட்டு எங்கிட்டயே கீது. துட்டுக்காக இல்ல."

"அப்ப என்னதான் வேணும் எஸ்தர்?"

"நா அன்னிக்கு ஆடிக்கினு இருந்தேன்னு அவுங்க எழுதட்டும். போதும்."

அவள் அம்மா திரும்பிப் பார்த்து, "இது இப்டித்தாம்மா. இதோட மல்லுக்கட்டறதே பேஜாரு" என்றார். எனக்கு ஒரு மூடியைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். விலையில் ஒரு ரூபாய் கூடக் குறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுத நான்கு நாள் ஆனது. பட்டியலில் வந்த நாட்களில் எஸ்தர் கல்லூரிக்காக ஆடிக்கொண்டிருந்தாள், உடன் போனவள் நான். ஓ.டி. தாமதமானது எங்கள் அறையின் பழக்கத்தால், அவளால் அல்ல. பாக்கியை நீக்கி டி.சி. கொடுக்க வேண்டும். கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓய்வூதியத்தில் ஏதாவது கை வைப்பார்களோ என்ற பயம் போடும்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மேடத்திடம் காட்டினேன். அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். படித்துவிட்டு என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தானும் போட்டார்.

கடிதத்தை நேரில் கொடுத்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். வாரம் ஒரு தடவை போய்க் கேட்கிறேன். போன திங்கட்கிழமை ஜன்னலில் இருந்த புதுப் பெண் கணினியில் எஸ்தர் பெயரைப் போட்டுப் பார்த்தாள். "இன்னும் எடுக்கலையேக்கா" என்று சொல்லி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பாக்கி, எழுநூற்றைம்பது ரூபாய்.